பெட்டியில் வந்த மீன்

பேரிங் கடலில் ஆறு கலக்கும் குய்காக் ஊரில் அனீசியாவைப் போல ஒரு பிள்ளைப்பூச்சியைப் பார்த்திருக்க முடியாது. பேரன் பேத்தி எடுக்கும் வயது வந்தும் அவள் யாரையும் ஒரு சொல் அதட்டியதில்லை. அவள் வீட்டு நாய்கூட அவளுக்கு அடங்காது. பக்கத்து வீட்டுக்காரன் அவள் விறகை எடுத்து எரித்தால், குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று சொல்லிவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவளைத்தான் ஊர் கூடி மீன்பங்குச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பியது. நாலு வார்த்தை உரக்கப் பேசுகிற ஆளை அனுப்பியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?

மீனுக்குக் காது கேட்கும். அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். தன்னை வைத்து மனிதர்கள் அடித்துக்கொண்டால் மீன் மனம் வெறுத்துப்போய் வேறு ஆற்றுக்குத் திரும்பிவிடும். அனீசியா சிறுமியாக இருந்தபோது, வலை போடும் ஒரு சுழிக்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் படகில் நின்றுகொண்டே துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் அந்தச் சுழியில் வலை போட்டவர்களுக்கெல்லாம் மரக்கட்டைதான் கிடைத்தது. அண்ணன் தம்பி இருவரும் கிழவர்களாகிச் செத்தும் போய்விட்டார்கள். ஊர் இன்னும் அவர்களை மன்னிக்கவில்லை. ஆகவே மீன் பேச்சு எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். யாராவது குரலை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவர் அதை அமர்த்த வேண்டும். அமர்த்துகிற வேலைக்கு அனீசியாவைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் இல்லை.

சங்கம் வந்த கதையையும் சொல்லிவிடலாம். எங்கிருந்தோ வரும் பெரிய கப்பல்கள் பேரிங் கடலில் மீனை மலை மலையாக அள்ளிக்கொண்டு போகும். கரையில் இருக்கிற ஊர்கள் அந்தக் கப்பல்களின் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. கடலோரத்து ஏழை ஊர்களுக்கும் அந்தக் கடல் மீனில் ஒரு பங்கு உண்டு என்று சட்டம் போட்டார்கள். பங்கு என்றால் பெரும்பாலும் பொல்லாக் என்கிற வெள்ளை மீன். அதைக் குய்காக்கில் யாரும் தட்டில் வைத்ததில்லை. நாய்க்குப் போட்டால் நாய் நம்மை ஒரு பார்வை பார்க்கும். ஆனால் தின்ன வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பல ஊர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, தங்கள் பங்கைக் கப்பல்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டன. குத்தகைப் பணத்தில் பிறகு கப்பல்களிலேயே பங்கு வாங்கின. ஆக, பொல்லாக்கின் ருசி தெரியாத ஜனங்கள் பொல்லாக் கப்பலுக்கு முதலாளிகள் ஆனார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, சங்கத்தால் நல்லது நடந்தது. ஆற்றங்கரையில், கடலிலிருந்து ஆறு ஏறி வரும் சால்மன் மீனை ஊராரிடம் வாங்குகிற கொட்டகை ஒன்று வந்தது. அனீசியா அதில் பல கோடைகள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மீன் கழுவியிருக்கிறாள். அவள் கணவன் யாக்கோவின் பழைய படகுக்குப் புது இயந்திரம் வந்தது. வேலை இல்லாமல் சாராயத்தோடு சுற்றிய பிள்ளைகள் சிலர் கப்பலுக்குப் போய் மனிதர்களாகத் திரும்பி வந்தார்கள். அனீசியாவின் ஒரே மகன் எவோன் அப்படித் திரும்பியவன்தான். குளிர்காலத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவன் அனுப்பிய பணத்தில். ஆகவே கப்பலைத் திட்ட அனீசியாவுக்கு வாய் வராது. வேறு யாரையும் திட்டவும் அவளுக்கு வாய் வராது என்பது வேறு விஷயம்.

யாக்கோவ் அவளுக்கு நேர் எதிர். பேச்சென்றால் பேச்சு, நீராவிக் குளியல் அறையில் அவன் சிரிப்பு ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கும். ஊரில் அவர்களை ஊமைச்சியும் வாயாடியும் என்று கேலி செய்வார்கள். பேச வேண்டியதையெல்லாம் தானே பேசித் தீர்த்துவிட்டதால் பெண்டாட்டிக்கு மிச்சம் வைக்கவில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். அப்படிப்பட்டவனும் மீன் விஷயத்தில் குரலை உயர்த்தியதே இல்லை.

அந்த வருஷம் சங்கம் ஒரு பெரிய கப்பலில் தனக்கிருந்த பங்கைப் பாதிக்குமேல் உயர்த்தப் போகிறது என்று பேச்சு வந்தது. எவோன் வேலை பார்த்த கப்பல்தான் அது. பொல்லாக்குக்குப் போடும் வலையில், ஆறுகளைத் தேடி வருகிற சால்மனும் சேர்ந்து வந்து விழுகிறது என்பது அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். எவோனே லீவில் வந்தபோது சொல்லியிருக்கிறான். வலையைக் கொட்டினால் வெள்ளை மீனுக்கு நடுவில் அங்கங்கே ஒன்று கிடக்கும், பார்த்ததும் வீட்டு ஞாபகம் வரும் என்றான். ஆங்கரேஜ் நகரத்துக் கூட்டத்துக்கு அனீசியா கிளம்புகிற அன்று, அவள் பையை விமானத்தில் ஏற்றிவிட்டு யாக்கோவ் சொன்னான்:

"வாங்கட்டும், வேண்டாங்கல. நம்ம மீன் ஏறுற மாசத்துல அந்தப் பக்கம் வலை போடக்கூடாதுன்னு ஒரு வரி சேத்துக்கிட்டு வாங்கச் சொல்லு. ஒரே ஒரு வரிதான். மெதுவாவே சொல்லு, போதும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். விமானத்தில் போகிற வழியெல்லாம் அந்த வரியை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கூட்டம் ஒரு ஹோட்டல் அறையில். ஜன்னலுக்கு வெளியே மலை, உள்ளே காபி. பங்கை உயர்த்தலாமா என்று தலைவர் கேட்டதும், வடக்கு ஊர்க்காரர் கிரிகோரி எழுந்து, யாக்கோவ் சொன்னதையே இன்னும் காரமாகச் சொன்னார். எதிரே இருந்தவர் ஒரு தீவு ஊர்க்காரர். அவர் ஊரில் சால்மன் ஏறும் ஆறு கிடையாது. ஊருக்குப் படகுத்துறை வந்ததே கப்பல் பணத்தில். உங்கள் மீன் உங்கள் மீன் என்று கூவுகிறீர்களே, கடலில் கிடக்கிற மீனில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா என்று அவர் கேட்டார். கிரிகோரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். இரண்டு பேரும் விரலை நீட்டிக் கத்த ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் சால்மன் பெயர் அடிபட்டது.

 அது ஜூன் மாதம். அந்த நேரத்தில்தான் ஆற்றின் முகத்துவாரத்தில் மீன் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். ஊரில் யாக்கோவ் வலையை இறக்கியிருப்பான். இங்கே இவர்கள் மீனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்துக்கொள்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் ஒரு மீன் மிச்சமிருக்காது என்று அனீசியா மனப்பூர்வமாக நம்பினாள். அவள் எழுந்து நின்றாள். ஒருநாளும் எழுந்து நிற்காதவள் நின்றதும் அறை சட்டென்று அடங்கியது. அந்த ஒரு வரியைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"மீனை வச்சுச் சண்டை வேண்டாம்," என்றாள் அனீசியா. "ஓட்டுக்கு விட்டுடுங்க. சீக்கிரமா முடிச்சுடலாம்."

தலைவர் ஓட்டுக்கு விட்டார். சண்டை முடியட்டும் என்று முதலில் கையைத் தூக்கியவளும் அவள்தான். அவள் தூக்கியதைப் பார்த்து, இரண்டு மனசாக இருந்தவர்களும் தூக்கினார்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல் கப்பல் பங்கு சங்கத்துக்கு வந்தது. கிரிகோரி காபிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

ஊர் விமானத் திடலில் யாக்கோவ் வண்டியோடு காத்திருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"சொன்னியா?"

"சொல்லல. அங்க ரெண்டு பேரு மீனை வச்சுக் கத்த ஆரம்பிச்சுட்டாங்க."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

"நிறுத்தினியா?"

"நிறுத்தினேன்."

"அப்ப சரி. நான் போயிருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் நேரே வீட்டுக்கு ஓட்டி, அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, வலையைப் பார்க்க ஆற்றுக்குப் போனான். அன்றைக்கு நல்ல மீன் கிடைத்தது. அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

அடுத்த கோடையில் மீன் குறைந்தது. அதற்கடுத்த கோடையில் இன்னும் குறைந்தது. காயப்போடும் கம்புகளில் பாதி வெறுமையாக நின்றன. பிறகு ஒரு ஜூனில் கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள், சால்மனுக்கு ஆறு மூடப்பட்டிருக்கிறது, வலை இறக்கினால் வலையும் படகும் பறிமுதல் என்று. கடல் சூடாகிவிட்டதுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். கப்பல்கள்தான் காரணம் என்று மேல் ஆற்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எங்கள் வலையில் விழுவது ஒரு துளி, அதிலும் பாதி வேறு தேசத்து ஆறுகளுக்குப் போகிற மீன் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். எல்லோர் கையிலும் கணக்கு இருந்தது, குய்காக் மக்களின் சட்டியில் மட்டும் மீன் இல்லை. சங்கத்துக் கொட்டகையைப் பூட்டினார்கள். வயதுப் பிள்ளைகள் கொண்ட குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகரத்துக்குக் கிளம்பின.

அனீசியா இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோடை காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் மீன் அறுக்கும் பிறைக்கத்தியைத் தீட்டி வைப்பாள். பிறகு அதைத் துடைத்து உள்ளே வைப்பாள். யாக்கோவ் ஆற்றங்கரையில் கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவர்களிடம் வம்பளப்பான். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பேச்சும் குறைந்தது. மீன் இல்லாததால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வயிற்றில் கட்டி இருக்கிறது என்று நகரத்து மருத்துவர்கள் கண்டுபிடித்தபோது அது முற்றிவிட்டிருந்தது.

வீட்டில் சாக வேண்டும் என்று அவன் திரும்பி வந்தான். அது இலை உதிர்கிற காலம். ஒரு நாள், சீல் என்கிற கடல்நாயின் எண்ணெயில் தொட்டு ஒரு துண்டு காய்ந்த மீன் வேண்டும் என்றான். அனீசியா வீடு வீடாகப் போனாள். யாரிடமும் இல்லை. கடைசியில் யாக்கோவின் தங்கை ஒலிங்கா, தன் குளிர்பெட்டியின் அடியில் பனி அப்பிக் கிடந்த ஒரு பழைய துண்டைத் தேடி எடுத்தாள். எந்தக் கோடையில் காயப்போட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. யாக்கோவ் அதை வெகுநேரம் மென்றான். விழுங்க முடியவில்லை.

"என் நாக்கு செத்துப்போச்சா, மீன் செத்துப்போச்சான்னு தெரியல," என்று சிரித்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அடுத்த தடவை நான் வரும்போது நல்ல மீனா போடு. நம்ம ஆத்து மீனா."

"போடறேன்," என்றாள் அனீசியா. ஆறு உறைவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

அடுத்த தடவை என்று அவன் சொன்னது வெறும் பேச்சில்லை. இறந்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். பெயரோடு ஆளும் திரும்பி வந்துவிடுவார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போகிற நாட்களில், ஒலிங்காவின் மகள் மார்த்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. யாக்கோவுக்குத் தங்கள் யூபிக் மொழியில் இருந்த பெயரான அங்கல்காக்கையே அவனுக்கு வைத்தார்கள். ஒலிங்கா அந்தக் குழந்தையை அண்ணா என்று கூப்பிட்டாள். பெற்றவளே தன் பிள்ளையை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு துணி மாற்றினாள். அனீசியாவுக்கு அவன் வீட்டுக்காரர்.

"என்ன மனுஷா, என்னைத் தனியா விட்டுட்டு இங்க வந்து பால் குடிச்சுக்கிட்டு இருக்கியா?" என்று அவள் கேட்பாள். அவள் மார்த்தா வீட்டுக்கு வந்தால் குழந்தை கையைக் காலை உதறும். கிழவருக்குப் பெண்டாட்டியைக் கண்டதும் வந்த துள்ளலைப் பார் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்த வருஷம் அவள் சிரித்ததெல்லாம் அந்த வீட்டில்தான்.

இறந்து ஒரு வருஷம் ஆனதும் விருந்து வைக்க வேண்டும். பெயர் பெற்றவனுக்குப் புதுத்துணி போட்டு, இறந்தவர் இடத்தில் உட்காரவைத்து, முதல் தட்டை அவன் முன்னால் வைக்க வேண்டும். அவன் தின்றால் இறந்தவர் தின்ற மாதிரி. அங்கல்காக்குக்கு அதற்குள் பல் முளைத்துவிடும். தட்டில் ஒரு துண்டு ஆற்று மீன் வேண்டும், அவ்வளவுதான். அனீசியா வேறெதையும் நினைக்கவில்லை. வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்து போனதிலிருந்து கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூனில் அதே அறிவிப்பு வந்தது. சடங்குக்கு ஒரே ஒரு மீன் என்று மீன்வள அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். போனை எடுத்த பெண் தன்மையாகவே பேசினாள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றாள். அனீசியா நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் கப்பலிலிருந்து எவோன் கூப்பிட்டான்.

"அம்மா, சங்கம் ஊருக்கெல்லாம் சால்மன் பெட்டி அனுப்புது. அப்பா விருந்துக்கு ஆகும்."

"எங்கேருந்து வந்த சால்மன்?"

 இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் அவன் சொன்னான். வலையில் விழுந்தது. முன்பெல்லாம் கடலிலேயே கொட்டிவிடுவார்கள், வீணாக்க வேண்டாம் என்று இப்போது உறைய வைத்துத் தானம் கொடுக்கிறார்கள். அவனே பல பெட்டிகளை அடுக்கினானாம்.

"நம்ம ஆத்து மீனாடா?"

"யாருக்கும்மா தெரியும்," என்றான் எவோன். "இருக்கலாம்."

பெட்டி வந்தது. அட்டையில் கப்பல் பெயரும், சங்கத்தின் அன்பளிப்பு என்ற வாசகமும் அச்சடித்திருந்தது. உள்ளே தலை இல்லாத மீன்கள். ஒலிங்கா வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"எங்க அண்ணனுக்கு அதைப் போடாதீங்க அண்ணி," என்றாள். "கறி போடுங்க, டப்பா மீன்கூடப் போடுங்க. அதைப் போடாதீங்க."

அனீசியா கத்தியை எடுத்தாள். அவள் போட நினைத்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் வந்த மீனை வீணடிக்க முடியாது. சண்டையைவிட மீனுக்குப் பெரிய அவமானம் அதுதான். பனி இளகின மீன் கத்திக்கு நிற்கவில்லை. சதை தோலைவிட்டு நழுவியது. கம்பில் போட்டால் கிழிந்து கீழே விழுந்தது. கீழே ஒரு துணியைக் கட்டி, விழுந்ததையெல்லாம் பொறுக்கித் திரும்பத் தொங்கவிட்டாள். பிறகு புகைக் கொட்டகையில் நெருப்பு மூட்டினாள்.

அந்தப் புகைதான் வினையாயிற்று. பல வருஷமாக ஊரில் மீன் புகை எழும்பவில்லை. வாசனை பலகைப் பாதை வழியாக ஊருக்குள் போனதும், வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ளும் ரேடியோவில் யாரோ, எந்த வீட்டுக் கொட்டகை அது என்று கேட்டார்கள். இன்னொருவர், ஆறு திறந்துவிட்டதா என்று கேட்டார். சற்று நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நடக்க முடியாத கிழவர் ஒருவரை அவர் மகள் வண்டியில் வைத்துக் கூட்டிவந்தாள். அவர் மடியில் சுருட்டிய வலை இருந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கம்புகளில் சிவப்பாக மீன் தொங்குவதைப் பார்த்து அந்தக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனீசியா ஒவ்வொருவரிடமும், பெட்டியில் வந்தது, கப்பல் மீன், ஆறு திறக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று முழுக்கச் சொன்னாள். அவர்கள் கோபப்படவில்லை. ஓ, அப்படியா என்றார்கள். புகை நல்ல வாசனை என்றார்கள். திரும்பிப் போனார்கள். கிழவர் மட்டும் வண்டியில் இருந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாழ்நாளில் இதைவிடக் கேவலமாக உணர்ந்ததில்லை. 

விருந்து நாள் வந்தது. பாதிரியார் பிரார்த்தனை சொல்லி முடித்தார். வீடு கொள்ளாத கூட்டம். கொழுப்பும் பெர்ரிப் பழமும் அடித்த அகுதாக், மான்கறி சூப், கெட்டி பிஸ்கட், டீ எல்லாம் தரையில் விரித்த துணிமேல். கப்பலிலிருந்து எவோனும் இறங்கி வந்திருந்தான். அங்கல்காக்குக்குப் புதுச் சட்டை, மணி வைத்துத் தைத்த காலணி. யாக்கோவ் உட்காருகிற இடத்தில் அவனைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தார்கள். அனீசியா தட்டோடு சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள். கறியை வைத்தாள், எடுத்தாள். கடைசியில் புகையில் காய்ந்த மீனில் ஒரு துண்டை எடுத்து சீல் எண்ணெயில் தோய்த்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். ஒலிங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தை அதைத் துப்பிவிட வேண்டும் என்று அனீசியா உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அவன் துப்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சப்பினான். எண்ணெய் மோவாயில் வழிந்தது. துண்டு தீர்ந்ததும் தட்டைத் தட்டி இன்னொன்று கேட்டான். பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவரேதான், பசியோடு வந்திருக்கிறார் என்றார்கள். அவனுக்கு அதற்குமுன் சால்மன் ருசி தெரியாது. இனி அவனுக்கு மீன் என்றால் இதுதான் என்று அனீசியாவுக்குத் தோன்றியது. 

அப்போது வாஸ்கா போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். ஊரில் சங்க வேலை பார்க்கிற பையன், நல்லவன், யாக்கோவ் சாகும்வரை அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவன். அங்கல்காக் மீன் சாப்பிடுவதை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.

"சங்கத்துக் காலண்டருக்கு அனுப்பணும் அத்தை. நம்ம கப்பல், நம்ம மீன், நம்ம ஜனங்களுக்குன்னு போடப் போறாங்க. அழகா இருக்கான் பாருங்க."

"எடுக்காத," என்றாள் அனீசியா.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். வாஸ்காவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவன் போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"எடுக்காதன்னு சொல்றேன்ல," என்று அவள் எழுந்தாள். அந்தக் குரலை ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. "இது நம்மகிட்ட வந்துகிட்டிருந்த மீன். வழியில பிடிச்சு, கொன்னு, பெட்டியில போட்டு, நமக்கே தானம்னு அனுப்பியிருக்கீங்க. அதுக்குப் படம் வேறயா?"

"அத்தை, அதுல பாதி வேற நாட்டு மீன்னு…"

"தெரியும். அந்தப் பாதியும் யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்ததுதானே. அந்தக் கப்பலை வாங்கக் கை தூக்கினவ நான். ஒரு வரி சொல்லச் சொல்லி இந்த மனுஷன் அனுப்பினாரு. மீனுக்காகச் சண்டை கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். சண்டை போட்டிருக்கணும். அன்னைக்கே சண்டை போட்டிருக்கணும்."

அவள் கத்திக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்பது பாதிப் பேருக்குப் புரியவில்லை, அத்தனை அழுகை. குழந்தை மிரண்டு வீறிட்டது. எவோன் தலை குனிந்தபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாஸ்கா போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டான். ஆனால் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையில் தட்டுகளில் இருந்த மீனைப் பார்த்தார்கள்.

ஒலிங்காதான் வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"அண்ணி, போதும். மீனுக்கு முன்னாடி இப்படிப் பேசக்கூடாது. அண்ணன் சாப்பிடற நேரம்."

அனீசியா உட்கார்ந்தாள். மார்த்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். விருந்தாளிகள் மிச்சமிருந்த மீனைத் துணியில் சுற்றி ஒரு துண்டும் வீணாகாமல் எடுத்துக்கொண்டு, குனிந்த தலையோடு கிளம்பினார்கள். வழக்கமாக விருந்து முடிந்தால் சிரிப்பும் பேச்சுமாக வெகுநேரம் இருப்பார்கள்.

காலண்டரில் வேறு ஊர்க் குழந்தை ஒன்றின் படம் வந்தது. ஜனவரியில் எவோன் மறுபடி கப்பலுக்குப் போனான், வேறு எங்கே போவான். அனீசியா குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

அடுத்த கோடையில் அந்த ஆற்றில் அரசாங்கம் மீனை எண்ணும் இடத்தில் பேருக்குக்கூட ஒன்று ஏறவில்லை. அதுவரை கடல் என்றும் கப்பல் என்றும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த குய்காக் ஜனங்கள் அந்த வருஷம் ஒரே மாதிரி பேசினார்கள். விருந்தில் மீனை வைத்துக்கொண்டு அனீசியா போட்ட சத்தத்தில்தான் மீன் திரும்பிப் போய்விட்டது என்றார்கள். அவள் எதிரில் யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஜனங்கள் இல்லை. ஆனால் அவள் கடைக்குள் நுழைந்தால் மீன் பேச்சு நின்றுவிடும்.

மார்த்தா மட்டும் ஒரு நாள் குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி, ஊரில் பேசிக்கொள்வதைப் பற்றி மனசு வருத்தப்படாதீர்கள் என்றாள்.

"அவங்க சொல்றது பொய்யின்னு எனக்கும் சொல்ல வரல மார்த்தா," என்றாள் அனீசியா. அங்கல்காக் அவள் மடியில் நின்றுகொண்டு, மீன் கொடு மீன் கொடு என்று அவள் வாயைத் தட்டினான். அப்போதுதான் அவன் பேசக் கற்றுக்கொண்டிருந்தான்.